படத்தின் பின்பக்கம் எழுதியது

போன சனிக்கிழமை கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு ஒரு கண்காட்சி பார்க்கப் போனேன். போனேன் என்று சாதாரணமாகச் சொல்கிறேன், உண்மையில் பறந்து போனேன். படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சின்ன விளக்க அட்டைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவள் நான். மூன்று வாரங்களுக்கு முன் மின்னஞ்சலில் நாற்பது வரிகள் வந்தன. ஒரே மத்தியானத்தில் முடித்து அனுப்பிவிட்டேன். படம் ஒன்றையும் பார்க்கவில்லை. என் தொழிலில் இது வழக்கம்தான். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளை மொழிபெயர்க்கிறவள் மருந்தைக் குடித்துப் பார்ப்பதில்லையே. ஆனால் தன் தமிழ் அச்சாகிச் சுவரில் இருப்பதைப் போய்ப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கோட்டையில் மாறி, நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த இடம் முன்பு செத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் அடுக்கி வைத்த கிட்டங்கி. சுவருக்கு வெள்ளை அடித்து, மேலே நல்ல விளக்கெல்லாம் பூட்டியிருந்தார்கள். ஆனால் மிளகாய் அவ்வளவு இலகுவில் இடத்தை விட்டுப் போகாது. கலையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கைலேஞ்சியும் கையுமாகத் தும்மிக்கொண்டு நின்றார்கள். நானும் தும்மினேன். தும்மிக்கொண்டே என் வரிகளில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வோர் அட்டையாகப் பார்த்துக்கொண்டு போனேன். படத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு போனவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓவியர் என்னைவிட இளையவர். மூடப்பட்ட ஸ்டூடியோக்களிலிருந்து பழைய 'சேர்த்த படங்களை'த் தேடியெடுத்து, கதவளவுக்குப் பெருப்பித்திருந்தார். சேர்த்த படம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஆளின் படத்தை வெட்டி, இங்கே இருக்கிற குடும்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, எல்லோரும் ஒன்றாய் நின்று எடுத்ததுபோல் ஆக்கித் தருவது. இந்த ஓவியர் அந்த ஒட்டுகளின் ஓரம் முழுக்கச் சிவப்பு நூலால் தைத்திருந்தார். எங்கே வெட்டியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

"அய்யோ, இந்த அங்கிள் மிதக்கிறார் பாரன்!" என்று ஒரு பெட்டை கூட வந்தவளின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கிள் உண்மையிலேயே தரையில் படாமல் நின்றார்.

அடுத்த படத்தின் அட்டையில், 'இணைப்புப் படம். குடும்பத்தவர் நால்வர். ஒருவர் வெளிநாட்டில்' என்று என் தமிழ் இருந்தது. பிழை இல்லை. திருப்தியோடு நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். ஒரு சின்னப் பெடியனின் தோளில் தகப்பனின் கை. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பு நூல். நடுவிரலில் பச்சைக்கல் மோதிரம். சின்னி விரல் கொஞ்சம் உள்ளே வளைந்திருந்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும். அது என் தோளில் இருந்த கை.

அங்கே ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். போய் இருந்துவிட்டேன். மிளகாய் என்று சொல்லிக் கண்ணைத் துடைக்க வசதியான இடம் அது.

எங்கள் அனெக்ஸ் வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. ஒரு அறை, ஒரு குசினி, கையை நீட்டினால் இரண்டு சுவரிலும் முட்டும் குளியலறை. வீட்டுக்கார அம்மாவின் முதல் சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அம்மாவுக்கு அதில் குறையே இல்லை. "ஆணி அடிச்சு என்ன செய்யிறது? நாங்கள் போற ஆக்கள்தானே" என்பார். போகிற ஆட்களாக அந்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்தோம். அலுமாரி வாங்கவில்லை, உடுப்பெல்லாம் சூட்கேஸில். ஒரு சூட்கேஸை நிமிர்த்தி வைத்து அதன்மேல்தான் நான் வீட்டுப்பாடம் செய்வேன். றெயில் போகும்போது சூட்கேஸ் நடுங்கும், என் எழுத்தும் சேர்ந்து நடுங்கும். "கிழவி மாதிரி எழுதிறாய்" என்று ரீச்சர் ஏசுவா.

அந்த ஒழுங்கை முழுக்கப் போகிற ஆட்கள்தான். மேல்வீட்டில் ஒரு குடும்பம், எதிர்வீட்டில் இரண்டு குடும்பம். யாரும் நாட்டின் பெயரைச் சொல்வதில்லை. 'அங்கை' என்றால் போதும். அங்கை குளிராம். அங்கை பிள்ளையள் சப்பாத்தோடு வீட்டுக்குள் போகாதுகளாம். அப்பாவும் அங்கைதான் இருந்தார். எனக்கு நாலு வயதாயிருக்கும்போது அகதியாகப் போனவர். அவருக்கு இங்கே திரும்பி வரும் வழி இல்லை. நாங்கள் அங்கே போவது ஒன்றுதான் வழி. அம்மாவின் நாளெல்லாம், பேச்செல்லாம், விரதமெல்லாம் அந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாய் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. என்னுடைய பதினோராவது பிறந்தநாளுக்கு அம்மா என்னைக் காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதை நடத்தியவர் மாளிகாவத்தையிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் நானா. அப்பா அனுப்பிய படத்தை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். அப்பா பனிக்குள், மொத்தமான கோட்டுக்குள், கை இரண்டும் பொக்கற்றுக்குள்.

"வாப்பாட ஒசரம் எவ்வளவு ஈக்கும் மகள்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் தலைக்கு மேலே கையைப் பிடித்தார். யோசித்துக் கொஞ்சம் இறக்கினார். பிறகு மெல்ல ஏற்றினார்.

"அக்கா, லிஃப்ட் மாதிரி ஏத்தி எறக்காம ஒரு எடத்துல நிப்பாட்டுங்க."

அம்மா சிரித்துவிட்டார். சிரித்தபடியே ஒரு இடத்தில் நிறுத்தினார். அந்த இடம் சரிதானா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குள் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஸ்டூடியோவில் நானா படத்தைத் திரும்பப் பார்த்தார். "இந்தக் கோட்டோட வெச்சா எடுபடாது. சூட் ஒண்டு போட்டுடுறன். ஆனா கோட்ட கழட்டினா கையும் போயிரும். வேற கை வெப்பமா?"

"ஆற்றை கை?" அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"எங்கட கம்பியூட்டர்ல ஈக்கிற கை. நல்ல கை அக்கா, மாப்புள ஒருத்தர்ட. மோதிரமும் ஈக்கி."

இப்படித்தான் அப்பா ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால், சாம்பல் நிற சூட்டில், யாரோ ஒரு மாப்பிள்ளையின் கையை என் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்பாவின் முகத்தில் வெளிச்சம் இடது பக்கம், எங்கள் முகங்களில் வலது பக்கம். அதெல்லாம் எனக்குப் படவேயில்லை. மூன்று பிரதி தந்தார். ஒன்று அப்பாவுக்குப் போனது. ஒன்றைப் பிரிட்ஜின்மேல் சாய்த்து வைத்தோம், ஆணிதான் இல்லையே. மற்றது உறைக்குள் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான். பார்த்துவிட்டுத் தோளை ஒருக்கால் குலுக்குவேன், பாரம் தெரிகிறமாதிரி. சிரிக்காதீர்கள், பதினொரு வயது.

அடுத்த வருடம் அப்பா எங்களைக் கூப்பிடும் ஸ்பொன்சர் சரிவந்தது. எம்பசிப் போம்களை நிரப்ப எங்கள் ஒழுங்கைச் சனம் எல்லாம் போவது பக்கத்துப் பாமன்கடையில் இருந்த ஒரு அங்கிளிடம். கந்தோரில் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, கறுப்புப் பேனை, ஒரு அடிமட்டம். ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிமட்டத்தை வைத்துத்தான் எழுதுவார். காசு வாங்கமாட்டார். பிஸ்கட் கொண்டுபோனால் அதையும் உடைத்து எங்களுக்கே தருவார்.

"மனுசனும் நீங்களுமாய் ஒண்டாய் எடுத்த படங்கள் எத்தினை இருக்கு தங்கச்சி?"

"ரெண்டு. மற்றதெல்லாம் இடம்பெயரேக்கை விட்டிட்டு வந்திட்டம்."

"ரெண்டு போதும். உண்மையான ரெண்டு போதும். பின்பக்கத்திலை எங்கை, என்னத்துக்கு எடுத்ததெண்டு எழுதுவம்."

அவர் 'உண்மையான' என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கேட்டதை இவ்வளவு வருடம் கழித்தும் மறக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, உறையை ஒட்டாமல் தந்துவிட்டார். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பின்னேரம் அம்மா குளித்துக்கொண்டிருக்க, நான் உறையைத் திறந்து பார்த்தேன். படங்கள் இருக்கும் இடம் மெல்லிசாக இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் வகுப்பில் முதலாம் பிள்ளை. காரணங்கள் ஐந்து தருக என்றால் ஆறு எழுதுகிறவள். இரண்டு எழுதினால் இரண்டு புள்ளிதான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? சேர்த்த படத்தின் மற்றப் பிரதியை எடுத்தேன். சூட்கேஸின்மேல் வைத்து, றெயில் போய் முடியும்வரை காத்திருந்து, என் மிக அழகான ஆங்கிலக் கையெழுத்தில் பின்பக்கம் எழுதினேன். அப்பா, அம்மா, நான். வெள்ளவத்தை. என் பதினோராவது பிறந்தநாள். மற்ற இரண்டோடும் சேர்த்து எம்பசி உறைக்குள் வைத்தேன்.

ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே உண்மை. அங்கே போனபிறகு அந்த நாட்டை விட்டு ஒருநாளும் வெளியே வராத மனிதர் என் பிறந்தநாளுக்கு வெள்ளவத்தையில் நின்றதாக எல்லாம் சேர்ந்து சொன்னது. நான் ஒரு படத்துக்கு எழுதிய முதல் விளக்கம் அதுதான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. விசா வந்த பிறகு சொல்லி, மெச்சிக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தேன்.

ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு என் கையில் தந்தார். எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலம் எல்லாம் என் வாய் வழியாகத்தான் அம்மாவிடம் போகும். முதல் பக்கத்தில் இல்லை என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஏன் என்று எழுதியிருந்தது. படங்களில் ஒன்று கணினியில் சேர்த்துச் செய்யப்பட்டது. அதன் பின்பக்கம் எழுதியிருப்பது பொய். ஆகவே இந்த உறவையே எங்களால் நம்ப முடியவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"இல்லையாம் அம்மா."

"ஏனாம்?"

நான் கெட்டிக்காரி. யோசிக்க ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை. "போம் சரியா நிரப்பேல்லையாம்."

இரண்டாம் பக்கத்தை அன்றே அட்லஸ் புத்தகத்துக்குள் ஒளித்தேன்.

மறுநாளே அம்மா என்னை இழுத்துக்கொண்டு பாமன்கடைக்குப் போனார். முன்னறையில் வேறு இரண்டு குடும்பம் காத்திருந்தது. அம்மா இருக்கவில்லை, நின்றபடியே தொடங்கினார். "உங்களை நம்பித்தானே தந்தனாங்கள்? எங்கடை வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியளே!"

"ஆறுதலாய் இருங்கோ தங்கச்சி. கடிதத்தைக் காட்டுங்கோ, பாப்பம்."

"கடிதம் ஏன் உங்களுக்கு? என்ரை பிள்ளை வாசிச்சவள். இங்கிலீஸ் மீடியத்திலை படிக்கிறவள், உங்களைவிட வடிவாய் வாசிப்பாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "எந்தப் பக்கத்திலை பிழையாம் பிள்ளை?"

"நாலாம் பக்கம்" என்றேன்.

அவர் தான் வைத்திருந்த போமின் கொப்பியில் நாலாம் பக்கத்தை எடுத்தார். அடிமட்டத்தை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார். காத்திருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில், அந்தப் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லாத அந்த மனிதர், "கண் முந்திமாதிரி இல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் அடிமட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா விடவில்லை. ஒழுங்கை முழுக்கச் சொன்னார், கோயிலில் சொன்னார், மரக்கறிக்கடையில் சொன்னார். ஒரு வருடத்துக்குள் பாமன்கடைக்கு யாரும் போவதில்லை என்றாகிவிட்டது.

அப்பா போன் கார்ட் அடித்துத்தான் கோல் எடுப்பார். நிமிடம் முடியப்போகிறதென்று இடையில் ஒரு பெண் குரல் சொல்லும். அம்மா போனை என்னிடம் தந்தார்.

"வேறை ஒண்டும் எழுதேல்லையே பிள்ளை?"

"இல்லை அப்பா."

"வடிவாய் வாசிச்சனியே?"

"ஓம் அப்பா."

"சரி. நீ வாசிச்சால் சரிதான்." அதோடு கார்ட் முடிந்துவிட்டது. கடிதத்தை அனுப்பச் சொல்லியிருந்தார். முதல் பக்கத்தை மட்டும் தபாலில் போட்டேன்.

இரண்டாம் முறை வேறொருவரைக் கொண்டு விண்ணப்பித்தார்கள். அதற்கும் இல்லை. முதல்முறை தந்த பொய்ப் படத்துக்கு இதுவரை விளக்கம் தரவில்லை என்று அதில் இருந்தது. "அதே காரணம்தானாம்" என்று வாசித்தேன். விளக்கம் கேட்டவர்களும் காத்திருந்தார்கள், விசாவுக்கு அம்மாவும் காத்திருந்தார். நடுவில் நான் ஒருத்தி இருந்தேன்.

மூன்றாம் முறைக்கு அவசியம் வரவில்லை. எனக்குப் பதினைந்து வயதாயிருக்கும்போது அப்பா அங்கே ஒரு பேக்கரிக்குள் வேலை செய்துகொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார், எழும்பவில்லை. செத்தவீட்டை மேல்வீட்டு அண்ணாவின் கொம்பியூட்டரில் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. அம்மா திரையைப் பிடித்துக்கொண்டு, "என்னை ஒருக்கால் கூப்பிட்டிருக்கக் கூடாதே?" என்று கத்திய கத்து ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வீட்டுக்கார அம்மா வந்து, தானே சுத்தியல் கொண்டுவந்து, சுவரில் ஒரு ஆணி அடித்துத் தந்துவிட்டுப் போனார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வருடமும் சொல்லத்தான் இருந்தேன். ஓ.எல். சோதனை முடியட்டும் என்றிருந்தேன். பிறகு ஏ.எல். பிறகு அம்மாவுக்குப் பிரஷர். பயந்தவளுக்கு நாள்காட்டியில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். இதற்கிடையில் மூன்று பாசை படித்து, மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு வேலையும் எடுத்தேன். ஒரு சொல்லை விட்டாலும் ஏசுகிற மேலதிகாரி எனக்கு. ஏசும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு திருப்திகூட வரும்.

கிட்டங்கியிலிருந்து சனிக்கிழமை நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா பேப்பரை விரித்து நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழிருந்த சூட்கேஸிலிருந்து பழைய அட்லஸை எடுத்தேன். இரண்டாம் பக்கம் இன்னமும் அதற்குள் இருந்தது.

"அம்மா, அந்தக் கடிதத்தை நான் முழுக்க வாசிக்கேல்லை."

"எந்தக் கடிதம்?"

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, என் தொழிலில் செய்வதுபோல, கூட்டாமல் குறைக்காமல். அந்தப் படத்தை வைத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

"திருப்பி வாசி."

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

மூன்றாம் தரமும் வாசித்தேன். அம்மாவின் விரல்கள் நெத்தலியை விடவில்லை, கிள்ளவுமில்லை.

"பிள்ளை அறியாமல் வைச்சது எண்டு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கலாம், என்ன?"

"ஓம் அம்மா."

"பாமன்கடையார் எழுதித் தந்திருப்பார்."

"ஓம்."

"உனக்கு அப்ப எத்தினை வயசு?"

"பன்ரெண்டு."

"பிறகு?"

"பிறகெண்டால்?"

"பிறகு பதினாலு வந்ததுதானே? பதினெட்டு வந்தது. இருபத்தைஞ்சும் வந்தது."

அம்மா ஏசவில்லை, அழவுமில்லை. மிச்ச நெத்தலியைக் கிள்ளி முடித்தார்.

ஞாயிறு காலை நல்ல சேலை கட்டி, வாசலில் நின்று, "வெளிக்கிடு" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பாமன்கடைக்கு நடந்தே போனோம். அந்த வழியில் இருந்த போட்டோ ஸ்டூடியோக்கள் எல்லாம் போன் கடைகளாகிவிட்டன. எங்கள் அனெக்ஸ் இருந்த ஒழுங்கையில் பத்து மாடி நிற்கிறது. போம்கள் இப்போது கொம்பியூட்டருக்குள்ளேயே போய்விடுகின்றன, யாருக்கும் யாருடைய அடிமட்டமும் தேவையில்லை. அம்மா இதொன்றையும் பார்க்கவில்லை. சொல்லப்போவதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வேகமாக நடந்தார்.

வளைவில் திரும்பினோம். வீடு இல்லை. நீளத்துக்குத் தகரவேலி. வேலியில் வரப்போகும் மாடிவீட்டின் வர்ணப் படம். உள்ளே வெட்டிய மண்ணும், ஒரு மஞ்சள் இயந்திரமும், பிளாஸ்டிக் கதிரையில் ஒரு காவலாளியும்.

அம்மா வேலி நெடுகப் போய்த் திரும்பி வந்தார். இலக்கம் தேடினார்போல. பிறகு காவலாளியைக் காட்டி, "நீ கேள். நீதானே எல்லாப் பாசையும் தெரிஞ்சவள்" என்றார்.

கேட்டேன். அந்த மனிதர் எழும்பி நின்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். ஆறு மாதம்தான் இங்கே வேலையாம். வரும்போதே வெறும் நிலம்தானாம். இருந்தவர்கள் யாரென்றோ, எங்கே போனார்களென்றோ தெரியாதாம். வயதான ஐயா ஒருவரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லையாம். சொன்னது எதையும் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கையால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தகரவேலிக்குக் கிட்டப் போய், மரக்கறி வாங்கப் பழகிய பத்துப் பன்னிரண்டு சிங்களச் சொற்களை வைத்துக்கொண்டு, அதே கேள்வியை முதலிலிருந்து தானே கேட்கத் தொடங்கினார்.